தூணுக்குப் பின்னால் ஓர் இடம்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஆட வந்தவர்கள். யுத்தம் மூண்டு கப்பல் நின்றுபோனதால் ஊர் திரும்ப வழியில்லாமல், தோட்டம் தோட்டமாக ஆடிப்பாடி, கிடைத்த மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்டு நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். மலை ஏறி எங்களிடம் வந்தபோது அவர்களிடம் ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், தகரப்பெட்டியில் கொஞ்சம் வேஷத்துணி, இவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். வயிற்றில் முதல் பிள்ளை. என் வீட்டுக்காரர் தேயிலை பேக்டரியில் அடுப்பு எரிக்கிற வேலை பார்த்தவர். யுத்தம் வந்த பிறகு கொழுந்து எடுப்பது பாதியாகக் குறைந்து, அடுப்பு வாரத்தில் ஓரிரு நாள்தான் எரிந்தது. மற்ற நாளெல்லாம் மண்வெட்டி எடுத்துக்கொண்டு கிழங்கு நடப் போவார். அந்த மனுஷருக்குப் பாட்டு என்றால் உயிர். நாடகம் வருகிறது என்ற செய்தி நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளுக்கு வந்த நாளிலிருந்து மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே பாடிக்கொண்டு போனார்.

வீட்டில் எங்களோடு இருந்த இன்னொருவர் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர். அங்கே ஒருநாள் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஜப்பான்காரர்கள் எல்லாரையும் ஒரு கொட்டகைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தி, ஆண்பிள்ளைகளை மட்டும் பிரித்து லோரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட. நாத்தனாரின் புருஷனும் அதில் போனார். அதற்குப் பிறகுதான் அண்ணி ஒரு துணி மூட்டையோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். அதிகம் பேசமாட்டார். சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நாடகச் செய்தியைச் சொல்லிக்கொண்டு லயம் லயமாக வந்தவர், எங்களை வேலை வாங்குகிற கங்காணி. பருத்த உடம்பு, பெரிய குரல்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் பேக்டரி மாடியில நாடகம். ஜப்பான் மேனேஜரு உத்தரவு. ஒரு ஆளு விடாம எல்லாரும் வரணும்லா!"

"வராட்டி?" என்று அண்ணி கேட்டார்.

"வராட்டி ஏன் வரலன்னு கேப்பாங்கம்மா. நான் என்ன செய்ய?"

அவர் போனதும் அண்ணி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "தம்பி, அங்கயும் இதையேதான் சொன்னாங்க. ஒரு ஆளு விடாம வரணும்னு."

என் வீட்டுக்காரரின் பாட்டு அன்றைக்கு நின்றது. போகாமலும் இருக்க முடியாது. போனாலும் பயம். அந்த வாரம் முழுக்க லயத்தில் இதே பேச்சுதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பயந்த அதே ஆட்கள், ராணி வேஷம் கட்டுகிறவர் எப்படிப் பாடுவார், ராஜா கத்தி சுழற்றுவாரா என்றும் பேசிக்கொண்டார்கள். நாங்கள் சந்தோஷமாக ஒன்றைப் பார்த்து அத்தனை காலம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் இடம் பார்க்கப் போனோம். கொழுந்து காயப்போடும் மாடி அது. நீளமாக இருக்கும், இரண்டு பக்கமும் ஜன்னல் வரிசை. தட்டுகளில் விரித்திருந்த சணல் துணியெல்லாம் துணிப் பஞ்சத்தில் ஏற்கெனவே எங்கள் இடுப்புக்கு வந்துவிட்டதால் மாடி காலியாகக் கிடந்தது. ஒரு கோடியில் பலகை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். மேடைக்கு முன்னால் மேனேஜருக்கு ஒரு நாற்காலி, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமாருக்கு ஒரு பெஞ்சு. மற்றவர்கள் தரையில்தான்; ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்களைப் போலவே இன்னும் பல குடும்பங்கள் சாக்கும் பாயும் தூக்கிக்கொண்டு இடம் பிடிக்க வந்திருந்தன.

என் வீட்டுக்காரர் நேராகப் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றார். "இங்கதான். ஹார்மோனியம் இந்தப் பக்கம் வைப்பாங்க. விரலு ஓடுறது கூடத் தெரியும்."

அண்ணி மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல்களைப் பார்த்தார். கீழே எட்டிப் பார்த்தார். படிக்கட்டு ஒன்றுதானா என்று கேட்டார்.

"ஒண்ணுதான் அண்ணி," என்றேன்.

"படத்துக்குப் போனப்ப எங்க வீட்டுக்காரரு முன்னாடி உக்காரணும்னு அடம் பிடிச்சாரு. நல்லாத் தெரியணுமாம். முன்னாடி இருந்தவங்களத்தான் மொதல்ல லோரி ஏத்தினாங்க, புள்ள."

அவர் குரல் உயரவே இல்லை. பாயை விரித்துக்கொண்டிருந்த பக்கத்துப் பெண் ஒருத்தி அதைக் கேட்டு, சத்தம் போடாமல் பாயைச் சுருட்டிப் பின்வரிசைக்குக் கொண்டுபோனாள்.

என் வீட்டுக்காரர் மாடியின் நடுவுக்குப் பின்னால், ஒரு தடித்த மரத்தூண் நிற்கும் இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். தூணுக்குப் பின்னால் தரையில் ஒரு பலகை மூடி. காய்ந்த கொழுந்தைக் கீழே அரைக்கும் மிஷின் கூடத்துக்குத் தள்ளிவிடுகிற ஓட்டை அது. பலகையைத் தூக்கிக் காட்டினார். சறுக்கு மாதிரி ஒரு தகரப் பாதை இருட்டுக்குள் இறங்கியது.

"இதுல எறங்கினா மிஷின் கூடம். அங்கேருந்து பின்கதவு. பின்கதவத் தாண்டினா தேயிலைச் சரிவு, அப்பறம் காடு. ஒரு பய பிடிக்க முடியாது."

"அப்ப இதான் நம்ம இடம்," என்றார் அண்ணி.

"அக்கா, இங்க உக்காந்தா ஒண்ணும் தெரியாதுக்கா! தூணு மறைக்குது. ராஜாவும் தெரியமாட்டாரு, ராணியும் தெரியமாட்டாங்க."

"உசிரு இருந்தா காதால கேட்டுக்கலாம் தம்பி."

நானும் அண்ணி பக்கம்தான் பேசினேன். என் வீட்டுக்காரர் என் வயிற்றைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், சாக்கை விரித்தார். கங்காணி வந்து, இது பெண்கள் உட்காரும் எல்லை, ஆண்பிள்ளை இங்கே இருக்கக்கூடாது என்றார். பிள்ளைத்தாய்ச்சிக்குத் துணை வேண்டாமா என்று அண்ணி கேட்டதும் விட்டுவிட்டார். போகும்போது குனிந்து அந்தப் பலகை மூடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

மத்தியானம் நாங்கள் போனபோது மாடி நிறைந்திருந்தது. ஆனால் எல்லாரும் பின்னால். படிக்கட்டு வாசலிலும் ஜன்னல் ஓரத்திலும் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. முன்னால் பாதித் தரை வெறுமையாகக் கிடந்தது. பெஞ்சில் இரண்டு கிராணிமார் மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரின் நாற்காலியில் ஆள் இல்லை.

"அவன் வரல பாத்தியா?" என்று அண்ணி என் காதில் சொன்னார். எல்லாரையும் வரச்சொன்னவன் ஏன் வரவில்லை?

நாடகம் ஆரம்பித்தது. எதிரி தேசத்துச் சிறையில் அடைபட்ட ராஜாவைத் தேடி ராணி பூக்காரி வேஷத்தில் போகிற கதை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மேடையின் இடது ஓரமும், அவ்வப்போது அந்த ஓரத்துக்கு வருகிற ஒரு சேலைத் தலைப்பும்தான். ஆனால் குரல்! ராணி வேஷம் கட்டியவர் கொஞ்சம் வயதான பெண்மணி. பட்டினியில் கன்னம் ஒட்டியிருந்ததைப் பிறகு பார்த்தேன். பாடும்போது அதெல்லாம் தெரியவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்த பனிமூட்டத்துக்குள் அந்தக் குரல் மட்டும் கணீரென்று நின்றது. என் வீட்டுக்காரர் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

ராணி சிறைவாசலில் வந்து நின்று பாடுகிற கட்டம். அப்போதுதான் லோரிச் சத்தம் கேட்டது. மேடு ஏறி முனகிக்கொண்டு வந்த லோரி பேக்டரிக்கு முன்னால் வந்து நின்றது. கதவு அடித்துச் சாத்துகிற சத்தம். பூட்ஸ் சத்தம்.

ஹார்மோனியம் நின்றது. ராணி வாயை மூடிக்கொண்டார். இத்தனை ஜனம் இருந்த மாடியில் ஒரு குழந்தை கூட அழவில்லை.

"தம்பி, எறங்கு!" என்றார் அண்ணி. அதற்குள் பலகையைத் தூக்கிவிட்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவர் தோளைப் பிடித்து அழுத்தினேன். "போங்க, போங்க." அவர் காலை உள்ளே விட்டார். தகரம் கரகரவென்று சத்தம் போட்டது. ஆள் மறைந்தார்.

அடுத்த நிமிஷம் கீழேயிருந்து ஒரு கத்தல். தமிழ் இல்லை. ஜப்பான் பாஷை.

அதைப் பார்த்து ஓடிவந்து, பின்னாலேயே இறங்கக் காத்திருந்த இரண்டு மூன்று ஆண்கள் அப்படியே உறைந்தார்கள். அண்ணி ஓட்டைக்குள் குனிந்து, "தம்பி! தம்பி!" என்றார். பதில் இல்லை. நான் எப்படி எழுந்தேன், எப்படி ஜன்னலுக்குப் போனேன் என்று தெரியாது. கீழே பார்த்தேன். படுதா போட்ட ஒரு லோரி. பனிமூட்டத்துக்குள் இரண்டு சிப்பாய்கள் நடந்துபோகிறார்கள். அவர்களுக்கு நடுவே என் வீட்டுக்காரர். லோரியை நோக்கித்தான் போகிறார்கள்.

ஒருவரும் பிடிக்க முடியாது என்று அவர் சொன்ன வழிதான் நேராக அவர்கள் கையில் கொண்டுபோய் விட்டிருந்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தலையில் கை வைத்து அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதே நேரம் படிக்கட்டு வாசலில் இன்னொரு சிப்பாய் வந்து நின்றான். வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, எங்களைப் பார்த்து ஏதோ கத்தினான். "ஆய்ரு! ஆய்ரு!"

"ஆளு கேக்கிறான்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது வாய்க்கு வாய் பரவியது. ஆளு கேக்கிறான், ஆளு கேக்கிறான். கங்காணி எழுந்து நின்று கும்பிட்டார். சிப்பாய் இன்னும் சத்தமாக, "ஆய்ரு!" என்று கத்திக் கையில் இருந்ததை ஆட்டிக் காட்டினான்.

ராணி வேஷம் கட்டியவர்தான் மேடையிலிருந்து கூவினார். "ஐயா, அவரு ஆளு கேக்கலய்யா! ஆயேர், ஆயேர்! தண்ணி கேக்கிறாரு! கையில வாளி இருக்குது பாருங்க!"

வாளிதான். தண்ணீருக்கு மலாய்க்காரர்கள் சொல்கிற வார்த்தை எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு ஒருவர் காதிலும் அது அப்படி விழவில்லை.

நான் மறுபடியும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கையிலும் ஒரு வாளி இருந்தது. லோரியின் முன்பக்கம் திறந்து கிடக்க, குப்புகுப்பென்று ஆவி வந்துகொண்டிருந்தது. பனிமூட்டம் என்று நான் நினைத்ததில் பாதி அந்த ஆவிதான். அவர் தண்ணீரை ஊற்றினார், திரும்ப ஓடினார், இன்னொரு வாளி கொண்டுவந்தார். படுதா விலகிய இடத்தில் முட்டைக்கோசு மூட்டைகள் தெரிந்தன. கோலா தெர்லா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மேடு ஏறிய லோரி, சூடாகி நின்றிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"அண்ணி, தண்ணிதான் ஊத்துறாரு! அவரு தண்ணிதான் ஊத்துறாரு!" என்று நான் கத்தினேன். அண்ணி நம்பவில்லை. ஜன்னலுக்கு வந்து தானே பார்த்தார். லோரி கிளம்பி, வளைவில் திரும்பி, சத்தம் முழுவதும் அடங்கும் வரைக்கும் ஜன்னல் கட்டையை விடவேயில்லை.

என் வீட்டுக்காரர் படியேறி வந்தார். வேட்டியெல்லாம் தேயிலைத் தூள், முழங்கையில் சிராய்ப்பு. இரண்டு கைகளிலும் ஒவ்வொரு கோசு. சிப்பாய்கள் கொடுத்ததாம்.

"எறங்கின வேகத்துல, மிஷின் கூடத்துல தண்ணி தேடிக்கிட்டு நின்னவனுங்க காலடியிலதான் நேரா விழுந்தேன்," என்றார். "அவனுங்க என்னய விட பயந்துட்டானுங்க!"

முதலில் சிரித்தது அண்ணிதான். மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்புத்தான். தம்பி கையிலிருந்த கோசைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். அது மாடி முழுவதும் தொற்றிக்கொண்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றில் பிள்ளை உதைத்தது. அத்தனை நேரம் அது அசைந்ததா என்றே எனக்குக் கவனம் இல்லை.

மேனேஜர் ஏன் வரவில்லை என்ற மர்மமும் அங்கேயே தீர்ந்தது. பங்களாவில் வேலை செய்த ஆள் ஒருவர் சொன்னார். "அவருக்குக் காலையிலேருந்து வயித்தாலப் போவுது. கட்டிலும் கக்கூசுமா இருக்காரு." மறுபடியும் சிரிப்பு.

"ஆட்டத்த ஆரம்பிங்கலா!" என்று கங்காணி கத்தினார். அவ்வளவுதான், ஜனம் முன்னால் பாய்ந்தது. காலையில் யாருமே வேண்டாம் என்று விட்ட இடத்துக்கு இப்போது அடிதடி. பாயை இழுக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கி முன்னால் வைக்கிறார்கள், கிராணிமாரின் பெஞ்சை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஹார்மோனியத்துக்கு ஒரு முழ தூரத்தில் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, எங்களுக்கும் இடம் பிடித்துவிட்டார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று யாரும் பேசவில்லை.

ராணி விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், அந்தப் பாட்டை முதலிலிருந்தே பாடினார். அவ்வளவு பக்கத்தில் அவர் பல்லில் ஒன்று இல்லாதது தெரிந்தது. கிரீடத்தில் ஒட்டிய பேப்பர் கிழிந்திருந்தது தெரிந்தது. ஹார்மோனியக்காரர் மூச்சுவிடுவது கேட்டது. ராஜா சிறையிலிருந்து வெளியே வந்தபோது பெண்கள் எல்லாரும் அழுதோம். அண்ணியும் அழுதார். சயாமுக்குப் போன அவர் புருஷன் பிறகு திரும்பி வரவேயில்லை. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. ராஜாவைப் பார்த்து அவர் அழுத அழுகையில் நம்பிக்கைதான் அதிகம் இருந்தது.

வெளிச்சம் போவதற்குள் நாடகம் முடிந்தது. அண்ணி ஒரு கோசை நாடகக்காரர்களுக்குக் கொடுத்தார். மற்றதை முந்தானையில் கட்டிக்கொண்டார். லயத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் என் வீட்டுக்காரர் முன்னால் நடந்து ராணியின் பாட்டைப் பாடிக்கொண்டே போனார். இரண்டாம் அடியில் ஒரு இடத்தில் தப்பாகப் பாடினார்.

"அப்படி இல்ல தம்பி," என்று அண்ணி நிறுத்தி, தானே பாடிக்காட்டினார். அவருக்குப் பாடத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.