மேற்கணக்கு இல்லாத பட்டியல்

கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் முக்கோணத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கம்ப்யூட்டர் பார்க்க வந்த நானா அதைப் படிக்கக்கூட இல்லை. 'ஓகே'யை அமுக்கினார், அது மறைந்துவிட்டது. நான் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். பதினோராம் வகுப்பில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆங்கிலத்தில் எது வந்தாலும் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்றுதான் தோன்றும்.

"நானா, அது என்னமோ சொல்லுச்சே?"

"அதுக்கும் என் வூட்டுக்காரிக்கும் வேற வேலை இல்ல தங்கச்சி. எந்நேரமும் ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருக்கும்."

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். இந்த நானாவுக்கு அட்டன் டவுனில் கம்ப்யூட்டர் கடை. எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் மின்தராசு வந்த பிறகு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறை நிறுப்பதும் ஒரு வரியாக டேட்டாபேஸில் போய் விழும். ஒருவர் ஒரே நாளில் பல தடவை நிறுப்பார். முதலில் அந்தத் தராசடியில் நின்றவள் நான். பிறகு ஆபீசுக்குள் எடுத்தார்கள். உள்ளே வந்தும் நிம்மதி வரவில்லை. கரண்ட் போனால் பயம், வந்தால் அதைவிடப் பயம்.

அந்த வருஷத்து மழையில் மேற்கணக்கு லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்தது. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் கணக்கு என்போம். கீழ்க்கணக்கு, நடுக்கணக்கு, எல்லாவற்றுக்கும் உச்சியில் மேற்கணக்கு. என் பெரியம்மா இருப்பது அங்கேதான். புது வீடு கட்டிக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, அரசாங்கத்திலிருந்து தோட்டத்தில் தொடர்ந்து வேலை செய்பவர்களின் பட்டியலைக் கேட்டிருந்தார்கள். தோட்டத்தை நடத்துகிற துரை அன்று பின்னேரமே அதைக் கொண்டுபோக வேண்டும். நானா பல வருஷத்து நிறுவைகளை மொத்தமாக இறக்கி, எக்செல்லில் திறந்து, பெயர்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பொகவந்தலாவை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அச்சடித்து வந்த தாள்களில் நான் பெரியம்மாவைத் தேடினேன். காணவில்லை. அவருடைய பக்கத்து வீட்டு அக்காவைத் தேடினேன். அவரும் இல்லை. தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீழ்க்கணக்கு முழுசாக இருந்தது, நடுக்கணக்கும் இருந்தது. மேற்கணக்கில் ஒருவர்கூட இல்லை. நிலம் வெடித்த இடத்து ஆட்கள்தான் மொத்தமாக இல்லை.

பெரிய கிளாக்கரிடம் ஓடினேன். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா புள்ள? அங்க உள்ளவங்க டவுனுக்கு வேலைக்குப் போயிருப்பாங்க" என்றார். எனக்குப் பயம் இன்னும் கூடியது. இங்கேயே இப்படிச் சொன்னால், எங்களைத் தெரியாதவர்கள் என்ன சொல்வார்கள்? நானாவுக்குப் போன் போட்டேன்.

"மேக்கணக்குல ஒருத்தருமே இல்ல நானா."

"இன்னைக்கு இந்தக் கவலையா? போன வாரம் பிரிண்டர் வெடிச்சிரும்னீங்க."

"பொக வந்துச்சே நானா!"

"அது தூசி தங்கச்சி. மனுசன் பஸ்ல கொஞ்சம் தூங்கவும் ஏலாதா?"

பின்னால் பஸ்ஸில் சிங்களப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "அந்த மெசேஜ்..." என்றார் மெதுவாக. அடுத்து, நடத்துநரிடம் இறங்க வேண்டும் என்று சிங்களத்தில் கத்துவது கேட்டது.

நனைந்துகொண்டு வந்தவர் தலையைத் துடைக்கக்கூட இல்லை. எக்செல் தாளுக்கு ஓர் எல்லை உண்டாம். வரிகள் பத்து லட்சத்துக்குச் சற்று மேலே போனால், மிச்சத்தை எடுத்துக்கொள்ளாதாம். முழுசாக ஏறவில்லை என்று அது சொன்னதைத்தான் காலையில் அமுக்கி விட்டிருக்கிறார். கணக்கு வாரியாக அடுக்கியிருந்ததால் கடைசியில் நின்ற மேற்கணக்கு முழுதும் வெளியே போய்விட்டது.

"நான் கேட்ட கேள்வியே பிழை" என்றார். "ஒவ்வொரு நிறுவையும் நமக்கு எதுக்கு? ஒரு ஆள், ஒரு மாசம், எத்தன நாள் வந்தாங்க. அத டேட்டாபேஸே கூட்டித் தரட்டும்." இந்த முறை எதையும் இறக்குவதற்கு முன்னால், எத்தனை வரி வரும் என்று மட்டும் அதனிடம் கேட்டார். தாளில் தாராளமாக அடங்கும் அளவுதான். பிறகு ஒவ்வொரு கணக்கிலும் எத்தனை ஆட்கள் என்று டேட்டாபேஸில் எண்ணி, தாளிலும் எண்ணி, இரண்டும் ஒத்துப்போன பிறகே அச்சடிக்க விட்டார். பெரியம்மாவின் பெயரைத் தாளில் தொட்டுப் பார்த்தேன். துரையின் ஜீப் கேட்டைத் தாண்டிப் போன பிறகுதான் நானா ஒரு பிளேன்டீ கேட்டார்.

நானா இப்போது கத்தாரில் வேலை செய்கிறார். அன்று அவர் செய்த மாதிரியே, முதலில் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் நானும் இறக்குகிறேன். மேற்கணக்கில் பாதிப்பேர் புது வீடுகளுக்கு இறங்கிவிட்டார்கள். பெரியம்மாவின் லயம் அடுத்த கட்டத்தில் என்றார்கள். அத்திவாரம் போட்டது போட்டபடி கிடக்கிறது, அதற்குள் புல் முளைத்துவிட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறது, வீடு இல்லை.

மழை பிடித்தால் நான் வேலையில் கை வைக்க முடியாமல் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடக்கிறேன். மழையைச் செய்தியில் பார்த்துவிட்டு நானா கத்தாரிலிருந்து போன் எடுக்கிறார். இப்போதெல்லாம் கேலி இல்லை. "இன்னும் யார் யார் மேல இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்பார். நான் பெரியம்மாவில் தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொல்வேன். கடைசிப் பெயர் வரைக்கும் அவர் குறுக்கே பேச மாட்டார்.