பாவற்காயும் பாதிக் கணக்கும்

எங்கள் ஊருக்கு இன்ரநெற் வந்ததை எல்லோரும் முன்னேற்றம் என்கிறார்கள். எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். கொடிகாமத்திலிருந்து உள்ளே இறங்கும் மணல் ஒழுங்கைகளில் கோபுரம் நட எந்தப் போன் கம்பனியும் வரவில்லை, வீடுகளின் எண்ணிக்கை காணாதாம். அதனால் சனசமூக நிலையத்துக்காரரே ஊரில் காசு சேர்த்து, வாசிகசாலைத் தண்ணீர்த் தாங்கியின் மேல் சிக்னல் பிடிக்கிற ஒரு தட்டைப் பூட்டினார்கள். அங்கிருந்து ஒழுங்கைக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டி யாராவது ஒருவர் வீட்டுக் கூரையில் இருந்துகொண்டு சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் இணைப்புக் கொடுக்கும். இவ்வளவு மலிவாக ஒரு பொருள் கிடைத்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று பாராமல் வாங்குகிற ஆள் நான் இல்லை.

"உந்தப் பெட்டி நாங்கள் வீட்டுக்குள்ளை கதைக்கிறதையும் கேக்குமோ?" என்று நிலையத்துச் செயலாளரிடம் கேட்டேன். அவர் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி.

"உம்மடை வீட்டிலை கேக்கிறதுக்கு என்ன தம்பி இருக்கு?" என்றார்.

அது பதில் இல்லை. ஊர்க் கடிதமெல்லாம் அவர் கையால் போனவை. ஒன்றையும் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். என்றாலும் நானும் இணைப்பு எடுத்தேன். ஊரெல்லாம் எடுக்கும்போது நான் மட்டும் எடுக்காமல் நின்றால், இவன் எதையோ ஒளிக்கிறான் என்று கதை கிளம்பிவிடும்.

ஒளிப்பது எங்களுக்குப் பழகிய காரியம். யாராவது கொப்பியோடு வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், தேத்தண்ணீர் கொடுத்து உபசரித்து, ஒருவரைக் குறைத்துச் சொல்லி அனுப்புகிற சனம் நாங்கள். அப்படிப் பழகியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தோட்டக் கணக்கில் இன்னும் மோசம். பாவல் பந்தல் காய்த்துச் சரிந்து கிடக்கும். எப்படி இந்தமுறை என்று கேட்டால், "என்னத்தைச் சொல்ல, எல்லாம் பூச்சி" என்போம். உள்ளதைச் சொன்னால் கண்ணூறு படும். கண்ணூறு படாவிட்டால் கடன் கேட்டு ஆள் வரும். எங்கள் அப்பா கடைசிவரை எங்கள் அம்மாவுக்கே சரியான கணக்குச் சொன்னதில்லை.

இந்த ஊரில்தான் செயலாளர் ஒரு புதுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். கொழும்பில் ஒரு மரக்கறி வியாபாரி. அவருக்காகப் போனில் ஒரு பக்கம். நாளைக்கு எத்தனை பை பாவற்காய் ஆய்வோம் என்று ஒவ்வொருவரும் முதல்நாளே அதில் போடவேண்டும். கூட்டிப் பார்த்து அதற்கேற்ற லொறியை அவர் அனுப்புவார். சந்தையை விட நல்ல விலை. நாங்கள் போடுவது அவருக்கு மட்டும்தான் தெரியும், ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்று செயலாளர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். ஒருவரும் நம்பவில்லை.

நம்பியவள் என் தங்கச்சி ஒருத்திதான். புருஷன் இல்லாமல் ஒரு மகளோடு இருக்கிறவள். எங்கள் ஒழுங்கைக்கான பெட்டி அவளுடைய கூரையில்தான் இருந்தது. குத்தகைக் காணி எடுத்து முழுக்கப் பாவல் போட்டிருந்தாள். அதற்கு முன்பே குவைத்தில் வீட்டு வேலைக்குப் போகவென்று பாஸ்போட்டை ஏஜென்சியில் கொடுத்தும் இருந்தாள். மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு.

"பாவல் கைகுடுத்தா நிப்பன் அண்ணை. இல்லாட்டி வெளிக்கிடுவன்," என்று என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

கணக்குப் போடவேண்டிய அந்தப் பின்னேரம் நான் அவள் வீட்டில் இருந்தேன். என் தோட்டத்தில் பத்துப் பை தேறும். ஐந்து என்று போட்டேன். அவளையும் பாதி போடச் சொன்னேன்.

"பாதியைப் போட்டா மிச்சத்தை ஆர் ஏத்துறது?" என்றாள்.

"லொறி வந்தா ஏத்துவாங்கள். முழுசையும் சொல்லிப்போட்டு நாளைக்குக் குறைஞ்சா மரியாதை போகும்."

அவள் என்னைப் பார்த்துவிட்டு, தன் ஒன்பது பையையும் அப்படியே போட்டாள். விபரம் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வாசிகசாலை முன்றலில் ஊரே பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றது. வந்ததோ ஒரு சின்ன லொறி. அதைப் பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் மட்டும் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். ஊர் முழுவதும் கெட்டிக்காரராக இருந்திருக்கிறது. டிரைவர் கையில் போனை வைத்துக்கொண்டு ஆள் ஆளாகக் கூப்பிட்டு, போட்ட அளவை மட்டும் ஏற்றினான். என்னுடையதில் ஐந்து ஏறியது. மற்றவர்களுக்கும் பாதிதான். தங்கச்சியின் ஒன்பதும் ஏறியது. லொறி நிறைந்துவிட்டது, கதவைச் சாத்தினான்.

பாவற்காய் எங்களுக்காகக் காத்திருக்காது. அடுத்த நாளே மஞ்சளாகி வெடித்துவிடும். மிச்சத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் கொடிகாமம் சந்தைக்குக் கொண்டு ஓடினோம். சந்தை வியாபாரிகளுக்கு அன்று திருவிழா. அவர்கள் சொன்னதுதான் விலை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை: இவளுக்கு மட்டும் எப்படி முழுவதும் ஏறியது? பக்கத்தில் இருந்து அவள் போட்டதைக் கண்ணால் கண்டவன் நான். எனக்கே அந்த யோசனை வந்தால் ஊருக்கு வராதா?

வந்தது. அடுத்த நாள் பின்னேரம் நிலையத்தில் கூட்டம். என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டக்காரர் எழும்பினார்.

"பெட்டி ஆற்றை கூரையிலை இருக்கு? அவவின்ரை. எங்கடை ஒழுங்கைக்காரர் எல்லாற்றை கணக்கும் அந்தப் பெட்டிக்குள்ளாலைதான் போகுது. நாங்கள் பாதி போட்டதைப் பாத்துப்போட்டுத்தான் அவ முழுசாப் போட்டிருக்கிறா. பெட்டியைக் கழட்டி, அவவின்ரை லைனையும் வெட்டவேணும்."

பலர் ஓம் ஓம் என்றார்கள். பெட்டி கண்ணாடி இல்லை, அதற்குள்ளால் ஒன்றையும் பார்க்க ஏலாது என்று செயலாளர் விளக்கினார். அவர் விளக்க விளக்க, இவர் ஏன் இவ்வளவு பாடுபட்டு விளக்குகிறார் என்று அவரையும் சேர்த்துச் சந்தேகித்தார்கள். தங்கச்சி கதவடியில் நின்றாள். லைனை வெட்டினால் கொழும்பு லொறி அவளுக்கு இல்லை. லொறி இல்லையென்றால் குவைத்துதான். அவளுடைய மகள் எங்கள் வீட்டுச் சோற்றில் வளர்வாள். அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, மற்றவர்கள் மேலும் என் மேலும்.

எழும்பினேன். எங்கள் பரம்பரையில் ஒருவரும் செய்யாத காரியத்தைச் செய்தேன்.

"அவள் போடேக்கை நான் பக்கத்திலை இருந்தனான். ஒருத்தற்றை கணக்கையும் பாக்கேல்லை. நான் ஐஞ்சு போட்டனான். ஆய்ஞ்சது பத்து."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு மனிதன் தன் தோட்டக் கணக்கை வெளியில் சொல்வதை அங்கிருந்தவர்கள் முன்பு கேட்டிருக்கமாட்டார்கள். உடுப்பில்லாமல் நிற்பதுபோல எனக்குக் கூசியது. பின் வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல் அவசரமில்லாமல் கேட்டது:

"அப்ப உதுவும் பாதிதானோ? இருவதோ ஆய்ஞ்சனீர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எட்டுத் தலைமுறைக்கு உண்மை பேசினாலும் இந்த ஊர் அதை இரண்டால் பெருக்கித்தான் பார்க்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். செயலாளர் மேசையில் தட்டினார்.

"சரி. லைனை வெட்டவேணும் எண்டிற ஆக்கள் கையை உயத்துங்கோ. ஆனா உயத்த முதல், இவர் சொன்னமாதிரி தங்கடை தங்கடை கணக்கைச் சொல்லவேணும்."

ஒரு கை உயரவில்லை. அடுத்த தோட்டக்காரர் மாட்டுக்குத் தண்ணி வைக்கவேணும் என்று எழும்பிப் போனார். அவரிடம் மாடு இல்லை. அவருக்குப் பின்னால் மற்றவர்களும் கலைந்தார்கள்.

நானும் தங்கச்சியும் ஒழுங்கையால் நடந்து வந்தோம். நாளைக்கு ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போட்டைத் திருப்பி எடுக்கப்போவதாகச் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊருக்கு முன்னால் அவளுக்காகத் தலையைக் கொடுத்தவன், அதைப்பற்றி ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். தன் வீட்டுப் படலையடியில் நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணை, என்னட்டையாவது மறைக்காமல் சொல்லுங்கோ. மெய்யா எத்தினை பை?"

நான் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தேன். வேலிக்கு அங்கால் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு, அவள் காதுக்குக் கிட்டப் போய், குரலைத் தாழ்த்தி, "பத்து" என்றேன்.

அதற்குப் பிறகுதான் நம்பினாள்.