மாமிக்குப் பிடித்த வாகனம்

கிளிநொச்சியில் கண்டி வீதியிலிருந்து ஒழுங்கையொன்றுக்குள் திரும்பினால் பச்சைக் கேற் போட்ட மாடிவீடு தெரியும். அது என்னுடையது. வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிறவர்கள் அதில் நாள் வாடகைக்குத் தங்குகிறார்கள். பையைக் கீழே வைக்க முன்னமே எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "ஐயா, இஞ்சை போக்குவரத்து என்னமாதிரி?" இதற்கு என்னைவிடத் திறமாகப் பதில் சொல்லக்கூடிய ஆள் இந்த நகரத்தில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம். பக்கத்துக் கோயிலென்றால் ஓட்டோ. நாயாற்றுக் கடலென்றால் வான். சனத்தோடு சனமாகப் போக ஆசையென்றால் பஸ், ஆனால் சின்னப் பிள்ளைகளோடு மத்தியான பஸ்ஸில் ஏறவேண்டாம். ஓட்டோவும் என்னுடையது, வானும் என்னுடையது. பஸ் மட்டும்தான் என்னுடையதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.

இந்தத் தொழிலை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. காற்சட்டை போட்ட வயதிலேயே தொடங்கிவிட்டேன்.

அப்போது என்னைப் பெற்ற ஐயாவுக்குப் புகையிரத நிலையத்துக்குக் கிட்டத் தேத்தண்ணிக் கடை. கடையின் பின்பக்கம் எங்கள் வீடு, வீட்டோடு ஒட்டினாற்போல வாடகைக்கு விடுகிற ஒரு அறை. ஸ்டேசனில் கோச்சியைத் தவறவிட்டவர்கள், கச்சேரியில் அரசாங்க அலுவலாக வந்தவர்கள் அதில் தங்குவார்கள். அவர்களுக்கு வாகனம் பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. எந்த ஹயர் கார்க்காரன் எந்த மரத்துக்குக் கீழே படுத்திருப்பான், எந்த உழவு மிசின் டிரெயிலரோடு எந்தப் பக்கம் நெல்லேற்றப் போகும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாய்ப்பாடு மட்டும்தான் வராது.

யாழ்ப்பாணத்திலிருந்து அந்த மாமி வந்திறங்கியது ஒரு மாரி முடிந்த காலத்தில். உறவுக்காரி இல்லை, வயதுக்கு மரியாதையாக மாமி என்று கூப்பிட்டேன். கையில் ஒரு ஓலைப்பெட்டி. அதற்குள்ளிருந்து மிளகும் மஞ்சளும் கலந்த வாசம் வரும். பிள்ளை பெற்றவளுக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கிற சரக்குத்தூள் அது. அவவின் ஒரே மகள், மலைநாட்டிலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் தோட்டம் செய்த குடும்பத்துப் பெடியனை, வீட்டுக்குச் சொல்லாமல் கட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அன்றைக்கு மகளுக்கு மூடிய கதவு. இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிவிட்டது. மாமி மகளின் தகப்பனுக்குச் சொல்லாமல் வெளிக்கிட்டு வந்திருந்தா. இவ்வளவும் அம்மாவும் மாமியும் குசினிக்குள் அடுப்படியில் மெதுவாகக் கதைத்த கதை. மெதுவாகக் கதைத்தால்தானே எனக்கு வடிவாகக் கேட்கும்.

எனக்கு விளங்கியது இதுதான்: மாமி ஸ்கந்தபுரம் போகவேண்டும், மாமியிடம் வாகனம் இல்லை. இதிலென்ன பெரிய விசயம்?

அடுத்தநாள் காலை பஸ்ஸில் முன் இருக்கையைத் துவாய் போட்டுப் பிடித்து வைத்துவிட்டு ஓடிவந்தேன். "அந்த றோட்டிலை பஸ் குலுக்கும் தம்பி, என்ரை நாரி, இடுப்பெல்லாம் தாங்காது" என்றா. சரி, கார் பிடிப்போம் என்று ஹயர்க்காரரை எழுப்பிக் கூட்டிவந்தேன். "கார் போய் நிண்டால் ஊரே வந்து எட்டிப் பாக்குமெல்லோ" என்றா. மாட்டுவண்டி கொண்டுவந்தேன். மாட்டைப் பார்த்துப் பாவப்பட்டா. வண்டிக்காரருக்கு வந்த கோபத்துக்கு அவர் என்னைத்தான் பார்த்தார்.

"உந்த மனுசிக்கு இனி ஆகாயக் கப்பல்தான் கொண்டரவேணும்" என்று ஐயா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. அவ வாகனம் இல்லையெண்டோ நிக்கிறா?" என்றா அம்மா.

பிறகென்ன, அதற்குத்தானே நிற்கிறா என்று நான் நினைத்தேன். பெரியவர்களுக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது.

கடைசியில் நானே ஒரு வாகனத்தைக் கண்டுபிடித்தேன். விதைநெல் மூட்டைகளோடு ஸ்கந்தபுரம் போகிற உழவு மிசின். பின்னால் கொழுவிய பெட்டியில் மூட்டைகளின்மேல் சாக்கு விரித்தால் சோபா மாதிரி இருக்கும். குலுக்கினாலும் நாரிக்குத் தெரியாது. எட்டிப் பார்க்கிறவனுக்கு மூட்டைதான் தெரியும். மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓலைப்பெட்டியோடு வாசல் படலைவரை வந்தா. அந்த நேரம் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை. வாகனத்தின் பெருமையில் மிசின்காரருக்குக் கேட்கட்டுமென்று உரத்துக் கேட்டேன்: "மாமி, எங்கை போறியள்?"

வெளிக்கிட்டுப் போகிற ஆளிடம் எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டால் போன காரியம் சரிவராது. கட்டாயம் அறியவேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்கவேணும். எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். மாமி அப்படியே திரும்பி வந்து கதிரையில் இருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தா. கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்பதுதான் வழக்கம். மாமியோ ஓலைப்பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டா. "தடக்குப்பட்டுப் போச்சுது, நாளைக்குப் பாப்பம்." மிசின் போய்விட்டது. ஐயா என் காதைப் பிடித்து முறுக்கிய முறுக்கில் அது இன்றைக்கும் மற்றக் காதைவிடப் பெரிசு.

"எனக்காக அவனை அடியாதேங்கோ" என்று மாமிதான் வந்து மறித்தா. பின்னேரம் எனக்கு எள்ளுருண்டையும் தந்தா. காரியத்தைக் கெடுத்தவனுக்கு எள்ளுருண்டை ஏன் என்று நான் யோசிக்கவில்லை. தின்று முடித்தேன்.

மறுநாள் மிசின்காரரைக் கெஞ்சித் திரும்பவும் கூட்டிவந்தேன். இந்தமுறை வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். மாமி படலையடிக்கு வந்தா. வந்தவ நின்றா. என்னைப் பார்த்தா. மிசின் டுபுடுபுவென்று புகை தள்ளிக்கொண்டு நின்றது.

"தம்பி... ஒண்டும் கேக்கேல்லையே?"

நான் தலையை ஆட்டினேன்.

"சும்மா கேளன் ராசா."

எனக்கு ஐயாவின் விரல்கள் ஞாபகம் வந்தன. இன்னும் இறுக்கிப் பொத்தினேன். மாமி ஐயாவைப் பார்த்தா, அம்மாவைப் பார்த்தா. அம்மாதான் வந்து ஓலைப்பெட்டியை வாங்கி மூட்டைகளின்மேல் வைத்து, "போயிட்டு வாங்கோ அக்கா" என்றா. பொம்பிளை தனியப் போகவேண்டாமென்று ஐயா என்னையும் தூக்கி மிசின் பெட்டிக்குள் போட்டார்.

வழிமுழுக்க நான்தான் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் மதகுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஸ்கந்தபுரத்தில் அந்த ஒழுங்கை வாசலில் மிசின் நின்றது. மாமி இறங்கவில்லை. பெட்டி உயரமென்றபடியால் பயப்படுகிறா என்று நினைத்து நான் குதித்துக் காட்டினேன். அப்போதும் இறங்கவில்லை. சத்தம் கேட்டு உள்ளிருந்து ஒரு மனுசி, கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தா. மருமகனின் தாய். மூட்டைகளின்மேல் இருந்தவவை நிமிர்ந்து பார்த்தா.

"வாங்க சம்பந்தி! இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சாக்கும்? எறங்குங்க, எந்தோள புடிங்க. ஒங்க மவ நேத்துல இருந்து இடுப்பு வலிக்கிதுன்னு ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கா."

மாமி அவவின் தோளைப் பிடித்தபடி, இறங்கினாவா விழுந்தாவா என்று தெரியாமல் கீழே வந்தா. இரண்டுபேரும் என்னை மறந்துவிட்டு ஓடினார்கள். உள்ளே மகள் "அம்மா" என்று கூப்பிட்ட சத்தம் கேட்டது. பிறகு மாமி அழுத சத்தம். மூட்டைமேல் இருந்துவந்தும் நாரி நொந்துவிட்டதே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திரும்புகிற நேரம் வாசலில் நின்று கூப்பிட்டு, திரும்பிப் போக எப்போது வாகனம் கொண்டுவர என்று தொழில்முறையில் கேட்டேன். சம்பந்தி மனுசிதான் எட்டிப் பார்த்தா. "வண்டியெல்லாம் வேணாம், போ சாமி." உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். என் வாகனத்தை ஒரு குறையும் சொல்லாமல் ஒருவர் வேண்டாமென்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் நான் விடவில்லை. அந்தப் பக்கம் மிசின் போகிற நாளெல்லாம் மூட்டைகளின்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, மாமிக்கு இடம் பிடித்து வைத்தேன். அதில் ஏறி இருக்கப் பார்த்தவர்களோடு சண்டை பிடித்தேன். அந்த ஒழுங்கை வாசலில் கட்டாயம் ஹோன் அடிக்கவேண்டுமென்று மிசின்காரரிடம் சத்தியம் வாங்கினேன். அவர் பின்னேரம் வந்து, "அடிச்சனான்டா. பேரப்பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு முற்றத்திலை நிக்கிறா. திரும்பியும் பாக்கேல்லை" என்பார்.

பாவம், அவ்வளவு கிட்ட அடித்தும் கேட்கவில்லையே, மாமிக்குக் காது மந்தமாக்கும் என்று நான் கவலைப்பட்டேன். அடுத்தமுறை இன்னும் உரத்து அடிக்கச் சொன்னேன்.