பிந்தி வந்த சித்தியின் பெயர்

போன ஞாயிற்றுக்கிழமை வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் என் படிப்புக்கு ஒரு சோதனை. வைத்தவர் என் சித்தி.

அன்று சித்திக்குப் பிறந்தநாள். தோட்டத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் ரேடியோவுக்கு வாழ்த்து அனுப்புவது சித்திதான். கூடக் கொழுந்து பறிக்கிறவர்கள், அவர்களின் பிள்ளைகள், மருமக்கள்... எல்லோர் பெயரும் வந்துவிட்டது. சித்தியின் பெயர் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. இந்த வருடம் பக்கத்து வீட்டுச் செல்வி அனுப்பியிருந்தாள்.

அப்படிப்பட்ட நாளில் கரகர சத்தத்தோடா கேட்பது? நுவரெலியாவிலிருந்து டிஜிட்டல் ரேடியோ ஒன்றை வாங்கிப் போனேன். இணையத்தில் பாடுவது. எனக்குத்தான் எதற்கும் நல்லது கெட்டது பட்டியல் வேண்டுமே... சத்தம் சுத்தம். கூரைத் தகரத்தில் கம்பி கட்ட வேண்டாம். மலை மறைக்காது. எதிர்ப்பக்கத்தில் எழுத டேட்டா செலவைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. பழைய ரேடியோவைச் சித்தப்பா செல்விக்கே கொடுத்துவிட்டார்.

சித்தி புதுச்சேலை கட்டி, போட்டோவுக்கு உட்காருவது போல ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்தார். வாழ்த்து நேரம் வந்தது. ரேடியோவில் சவர்க்கார விளம்பரம்.

திடீரென்று பக்கத்து வீட்டில் கைதட்டல். லயத்து வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தானே? செல்வியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“ராணியக்கா, ஒங்க பேரச் சொல்லிட்டாங்க!”

எங்கள் வீட்டில் இன்னும் சவர்க்காரம்தான் நுரைத்துக்கொண்டிருந்தது.

சித்தியின் முகம் வாடிவிட்டது. “நம்மளுதுல சொல்லவே இல்லையே... எம்பேரு போயிருச்சா?”

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “ஏம்மா இஞ்சினியரு, அந்த ஓட்ட ரேடியோவுக்கு வந்தது, இதுக்கு மட்டும் வழி தெரியலயோ?”

இணையத்தில் வரும் ஒலி கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் பாடும், அதனால் பிந்தும் என்று விளக்க வாய் திறந்தேன். யார் கேட்பது? அதற்குள் செல்வியும் லயத்துப் பெண்களும் கேக்கோடு உள்ளே வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் சித்தியின் கன்னத்தைக் கிள்ளினார்கள். சித்தி சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அப்போதுதான் என் ரேடியோவுக்கு வழி தெரிந்தது. முதலில் வட்டகொடை. பிறகு சித்தியின் பெயர் — ஒரு கரகரப்பும் இல்லாமல். வாழ்த்துவோர் பெயர்கள் வரிசையாக வர வர, பெண்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

சித்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நா அனுப்புனவங்களுக்கெல்லாம் ஒருவாட்டிதான் சொன்னாங்க. எனக்கு ரெண்டுவாட்டி. பாத்தியா செல்வி?”

“ஆமா, இவளுக்கு எதையும் ரெண்டுவாட்டி சொன்னாத்தான் வெளங்கும்” என்றார் சித்தப்பா. அவருக்குக் கேக் கடைசியாகத்தான் கிடைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பட்டியலைத் திருத்தினேன். ‘பிந்தி வரும்’ — இதை எந்தப் பக்கத்தில் போடுவது? கொஞ்சம் யோசித்து, நல்ல பக்கத்திலேயே போட்டேன்.

டிஜிட்டல் ரேடியோவுக்கு மாறலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: தாராளமாக மாறுங்கள். பக்கத்து வீட்டில் பழையது ஒன்று பாடுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்!