டீச்சர் தந்த சாக்பீஸ்

நூல் வெட்டும் கத்தரி வைக்கிற தகர டப்பாவில் ஒரு சாக்பீஸ் கிடக்கிறது. துணியில் கோடு போடும் தட்டையான சாக்பீஸ் அல்ல. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ், விரல் நீளம். தாராவியில் ரெடிமேட் சட்டைகளுக்குப் பிசிறு நூல் வெட்டிப் பிழைத்த எனக்கு, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதனால்தான் எங்கள் சந்து மன்றத்தில் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு என்றதும் வயதையும் கூச்சத்தையும் பார்க்காமல் போய் மூலையில் உட்கார்ந்தேன்.

டீச்சர் மாட்டுங்காவிலிருந்து நடந்தே வருவார். ஒட்ட வெட்டிய முடி, தொளதொளத்த குர்தா, காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது. முதல் நாள் ஒவ்வொருவரும் பலகையில் பேர் எழுத வேண்டும். என் முறை வந்தபோது கால் எழவில்லை, எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரே மூலைக்கு வந்து, முழுச் சாக்பீஸ் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். "இங்க எழுத வேண்டாம் மாமி. ஆத்துக்குக் கொண்டுபோய் எழுதிப் பாருங்கோ." என்னை மாமி என்று அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பலகையில் மூன்று சொற்கள் எழுதினார். ஆண் தன்னைச் சொல்ல ஹிம்செல்ஃப், பெண் தன்னைச் சொல்ல ஹெர்செல்ஃப், இரண்டிலும் சேராதவருக்குத் தெம்செல்ஃப். மன்றத்தை நடத்தும் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "நமக்குத் 'தன்னை'ன்னு ஒண்ணு போதும். இங்கிலீஷ்காரனுக்குக் கண்ணாடி பாக்கவே மூணு சொல்லு வேணுமாக்கும்!" டீச்சரும் சேர்ந்து சிரித்தார். பின்னாலிருந்து ஒருத்தி, "அப்போ உங்களுக்கு எந்தச் சொல்லு டீச்சரே?" என்றாள். டீச்சர் மூன்றாவது சொல்லின் அடியில் கோடு போட்டு, "எனக்கு இதுதான் பொருந்தறது" என்றார்.

அடுத்து வந்தது நவராத்திரி. வகுப்பு முடிந்ததும் அக்கா மஞ்சள் குங்குமத் தட்டை எடுத்தாள். அந்தத் தட்டு என்னிடம் வராது. என் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷத்திலிருந்து அப்படித்தான். யாரும் சொல்வதற்கு முன் நானே மூலைக்கு நகர்ந்துவிடுவேன். டீச்சர் முன்னால் தட்டு நின்றது. "உங்களுக்குக் குடுக்கவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க தாயி" என்று அக்கா இழுக்க, ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சர் எழுந்து வந்து, "இங்க உக்காரலாமா மாமி?" என்றார். இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். "இந்தப் பக்கம் நல்ல காத்து" என்றார். அங்கே ஜன்னலே இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த மூலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவர்.

அடுத்த செவ்வாய், டீச்சர் வந்ததும் அக்கா எழுந்தாள். "உங்க வீட்டுக்காரங்க கேக்காவ, பொம்பளை கிளாஸுக்கு இவங்கள எந்தக் கணக்குல விட்டியன்னு. நான் என்னத்தச் சொல்ல? டீச்சர் தொடரட்டும்னு நினைக்கவங்க கை தூக்குங்க." டீச்சர் வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். ஒரு கை எழுந்தால் இன்னும் நாலு எழும் என்று எனக்குத் தெரியும். எல்லாருமே பக்கத்தில் இருப்பவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை மடியில், முந்தானைக்குள், இந்தச் சாக்பீஸைப் பிடித்தபடி இருந்தது. டீச்சர் ஒருமுறை என் மூலைப் பக்கம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது வாசலில் வெயில்தான் இருந்தது.

வேறு டீச்சர் கிடைக்கவில்லை. இப்போது அந்த அறையில் தையல் மிஷின்கள் ஓடுகின்றன. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒட்ட வெட்டிய முடியைக் கண்டால் நின்று பார்ப்பேன். கண்டாலும் என்ன சொல்லப்போகிறேன்? சாக்பீஸால் ஒரு எழுத்துகூட எழுதவில்லை, அதே நீளம்தான். நவராத்திரி வந்தால் மட்டும் டப்பாவிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, தட்டு சுற்றும் வீட்டுக்குப் போகிறேன். மூலையில் உட்காரும்போது, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே உட்காருகிறேன்.