ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகக் கேட்ட சம்பளம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பல விஷயங்கள் மறந்தும் போய்விட்டன. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கண்டி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பிள்ளைப்பேறு வாட்டில் உதவித் தாதியாக இருந்தேன். பரீட்சை எழுதி வந்தவள் இல்லை. படித்து வந்த தாதிமாரை மிஸ்ஸி என்போம்; அந்தப் பெரிய மிஸ்ஸிமாருக்குப் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துப் பழகியவள். அந்த வாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி, வெளியே காத்திருக்கும் வீட்டாருக்கு யார் முதலில் கொண்டுபோய்க் காட்டுகிறாரோ அவருக்கு ஏதாவது கொடுப்பார்கள். அதைச் சந்தோசம் என்போம். அக்குறணைக் கடைக்காரர்கள் என்றால் சட்டைத் துணி வரும். கலஹாப் பக்கத்துத் தோட்டத்துச் சனங்கள் தேயிலைப் பொட்டலம் தருவார்கள். டவுன்காரர்கள் கையில் காசை வைத்து மூடுவார்கள். அப்படி எதுவும் வாங்கக்கூடாது என்று சுவரில் எழுதியும் இருந்தது.

கட்டுக்கலையில் நாங்கள் இருந்த அறைக்கு வாடகை கொடுத்தது அந்தச் சந்தோசம்தான். என் வீட்டுக்காரர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அது சாப்பாட்டுக்கே சரி. அறையை விட்டால் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மகளின் டவுன் பள்ளிக்கூடமும் அதோடு போய்விடும்.

அப்போது ஒப்பரேஷன் தியேட்டரில் வேலை செய்த ஓர் அக்கா, இந்தியப் பிரஜையாகப் பதிந்து பாஸ்போர்ட் கிடைத்து இந்தியாவுக்கே போய்விட்டார். மேட்ரன் யாழ்ப்பாணத்து அம்மா. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளையில இருந்து நீர் தியேட்டருக்கு வாரும். கை சுத்தமான ஆள் வேணும். சம்பளமும் கொஞ்சம் கூடும். எவ்வளவு எதிர்பாக்கிறீர் எண்டு யோசிச்சு வந்து சொல்லும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வாட்டில் என்னோடு வேலை செய்த அக்குறணைக்காரியிடம் சொன்னேன்.

"ஒனக்குப் பைத்தியமா புள்ள? மயங்கிக் கெடக்கிற மனிசன் எழும்பி ஒனக்குச் சந்தோசம் தருவானா? அதயும் சேத்துக் கேளு."

"வாங்கக்கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்காங்களே. எப்படிக் கேக்குறது?"

"அது ஒண்ட கெட்டித்தனம்."

எனக்கு எங்கே கெட்டித்தனம்? மேட்ரன் முன்னால் போய் நின்றால் தரையைத்தான் பார்ப்பேன். அன்றும் அப்படித்தான் நின்றேன்.

"தியேட்டர்ல யாரும் முழிச்சிருக்க மாட்டாங்களே மிஸ்ஸி," என்றேன்.

"நல்லதுதானே. ஒருத்தரும் உம்மைக் கூப்பிட்டுக் கரைச்சல் தர மாட்டினம்."

"இங்க புள்ள பொறந்தா ஊட்டுக்காரங்க சந்தோசமா போவாங்க. அங்க..."

மேட்ரன் பேனையைக் கீழே வைத்தார்.

"நானும் அந்த வாட்டில நிண்டவள்தான். அது மாசம் எவ்வளவு வரும்?"

"துணியா வரும், தேயிலையா வரும். கணக்கு ஒண்ணும் இல்ல மிஸ்ஸி. ஊட்டு வாடகையைக் கட்டிருவேன்."

வாடகை எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். தியேட்டர்த் துணிகளை அவிக்கிற வேலைக்கு அலவன்ஸ் என்று போட்டு, சம்பளத்தோடு அதையும் ஆஸ்பத்திரிச் சொந்தக்காரரான டொக்டரிடம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் அதோடு வந்திருக்கலாம். எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை, கதவடியில் நின்று திரும்பினேன்.

"வயித்தக் கீறி எடுக்கிற புள்ளைகள நானே வெளிய தூக்கிட்டுப் போகட்டுமா மிஸ்ஸி?"

"வாய் பேசாத ஆள் எண்டெல்லோ நினைச்சன்," என்று சிரித்தார். "சரி, தூக்கும்."

அதுவரை அந்தப் பிள்ளைகளையும் வாட்டுக்காரர்கள்தான் வந்து வாங்கிப் போவார்கள். அக்குறணைக்காரியிடம் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடி கள்ளி. நான் படிச்சுக் குடுத்தா எண்ட வயித்துலயே அடிக்கியா? போ, போ. தியேட்டர்ப் புள்ள ஒனக்கு, வாட்டுப் புள்ள எனக்கு." அன்றைக்குத் தேத்தண்ணியும் அவள்தான் வாங்கித் தந்தாள்.

தியேட்டரிலிருந்து நான் தூக்கிப் போன முதல் பிள்ளை கடுகண்ணாவைக்காரர் ஒருவருடையது. அவர் பிள்ளையைப் பார்த்தார், அழுதார், அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடியே போய்விட்டார். வெறுங்கையோடு நான் திரும்பியதை அக்குறணைக்காரி பல வருஷம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அதில் கவலை இல்லை. அலவன்ஸ் வந்துகொண்டிருந்தது. அறையை விடவில்லை. மகள் அதே பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தாள்.

அவள் இப்போது டீச்சர். மகளே, இதைப் படித்துச் சரிபார்த்துக் கொடு. வாடகை அப்போது எவ்வளவு, நீ எத்தனையாம் வகுப்பில் இருந்தாய் என்பதெல்லாம் எனக்குக் குழம்புகிறது. அக்குறணைக்காரிக்கும் ஒரு போன் போட்டுக் கேள். அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள், அதையும் பார்த்துக்கொள்.