ஹால்வர் தூக்கிய கை

ஹால்வர் அன்றைக்குக் கை தூக்கியதைக் கஸிமிர் பதினெட்டு வருஷமாக மறக்கவில்லை. தங்கை புருஷனாயிற்றே என்று கோபம் தணியவில்லை. தங்கை புருஷன் என்பதால்தான் அது இன்னும் கனன்றது.

அவர்களுடையது அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு டவுன்ஷிப், தன் சாலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் சின்ன ஊராட்சி. நடுவே ஓடை. வடகரையில் நார்வேக்காரர்கள், லுத்தரன் கோவில், நல்ல கறுப்பு மண். தென்கரையில் போலந்துக்காரர்கள், கத்தோலிக்கக் கோவில், மணலும் கல்லும். இரண்டையும் சேர்த்தது ஒரு பழைய மரப்பாலம்.

ஹால்வர் வடகரைக்காரன். டவுன்ஷிப்பின் சாலை வேலை அவனுடையது. கோடையில் சரளைச் சாலையைச் சமன் செய்வான், குளிர்காலத்தில் ஊர் எழும் முன்னே பனியைத் தள்ளிவிடுவான். வாய் திறப்பது அபூர்வம். கஸிமிரின் தங்கை ஸ்டெல்லாவை அவன் கட்டிக்கொண்டபோது இரண்டு கோவில்காரர்களும் முகத்தைச் சுளித்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை.

பாலத்தின் உத்தரம் இற்றுப்போன வருஷம், மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அதைப் பழுது பார்ப்பதா, மூடுவதா என்ற கேள்வி வந்தது. அங்கே ஓட்டுச் சீட்டு கிடையாது. எல்லோர் கண் முன்னாலும் கையைத் தூக்க வேண்டும். தென்கரைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். சாலைக்காரனே நம்ம வீட்டு மாப்பிள்ளை, அவன் இருக்கும்போது பாலத்தை எவன் மூடுவான் என்று பால் கறக்கப் போய்விட்டார்கள். கூட்டத்துக்குப் போனது கஸிமிரும் இன்னும் இரண்டு பேரும்தான்.

கூட்டம் நடந்த கட்டிடத்துச் சமையலறையில், எல்லோருக்குமாகச் சுட்டு வந்த ஆப்பிள் பை என்ற பழப் பணியாரத்தை வெட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா, கத்தியைப் பிடித்தபடியே வந்து பாலத்துக்காகக் கை தூக்கினாள். மூட வேண்டும் என்பவர்கள் தூக்குங்கள் என்றதும் ஹால்வர் தூக்கினான். அவன் கையைப் பார்த்துத்தான் தயங்கி நின்ற வடகரைக்காரர்களும் தூக்கினார்கள்.

கூட்டம் முடிந்தால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். கஸிமிர் தொப்பியை எடுத்தான்.

"என்னப்பா, தங்கச்சி சுட்ட ஆப்பிள் பைகூடக் கசக்குதா?" என்றான் ஒரு வடகரைக்காரன்.

கஸிமிர் திரும்பியும் பார்க்காமல் வெளியே போனான்.

பாலம் மூடப்பட்டது. அதன் பிறகு பால் எடுக்க வரும் வண்டி சுற்றி வர மாட்டேன் என்றது. பனி தள்ளும் வண்டி தென்கரைக்குக் கடைசியாக, மத்தியானத்தில்தான் வரும். ஓட்டி வருகிற ஹால்வர் தலையசைப்பான், கஸிமிர் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இரண்டு குளிர்காலம் பாலைப் பனியில் கொட்டிப் பார்த்துவிட்டு மாடுகளை விற்றான். பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஓடையிலிருந்து கத்தோலிக்கக் கல்லறைக்கு ஏறும் சாலையைப் புல் மூடியது.

ஸ்டெல்லா சாகும் முன், தன்னை அம்மா அப்பா பக்கத்தில் புதைக்கச் சொல்லியிருந்தாள். சவ வண்டி கஸிமிரின் மேய்ச்சல் நிலத்தைக் கடந்துதான் அங்கே போக முடிந்தது. அன்று சாயங்காலமே அவன் அந்த நிலத்தின் வேலிக் கதவுக்குப் பூட்டுப் போட்டான். ஒவ்வொரு மே மாதமும் ஹால்வர் ரப்பர் பூட்ஸோடு ஓடையில் இறங்கி, ஸ்டெல்லாவின் கல்லறைக்கான பூவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வருவதை அவன் ஜன்னல் வழியாகப் பார்ப்பான். ஒரு தடவையும் கூப்பிடவில்லை.

போன இலையுதிர்காலத்தில் ஹால்வருக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது என்று செய்தி வந்தது. பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தான். கஸிமிர் இரண்டு நாள் போகாமல் இருந்தான், மூன்றாம் நாள் போனான். ஹால்வர் மூக்கில் குழாயோடு சமையலறை நாற்காலியில் இருந்தான்.

"பாலத்துக்காக வருத்தப்படுறேன்னு சொல்லத்தான் கூப்பிட்டியா?"

"இல்ல. இன்னிக்கு அதே ஓட்டு வந்தாலும் அப்படித்தான் தூக்குவேன். அப்போ இந்தப் பக்கம் நாப்பது வீடு, உங்க பக்கம் ஒம்பது. ரெண்டு பக்கத்துக்கும் செலவு செய்ய டவுன்ஷிப்புக்கு வக்கில்ல."

"இதைக் கேக்கவா இவ்ளோ தூரம் சுத்தி வந்தேன்?"

ஹால்வர் இருமினான். இருமல் அடங்க நேரமாயிற்று. கஸிமிர் எழுந்துவிட்டான், ஆனால் வாசல் பக்கம் போகவில்லை.

"எங்க கோவில் பக்கத்துல எனக்கு இடம் வேணாம் மச்சான். ஸ்டெல்லா பக்கத்துல போடணும். உங்க பாதிரியார் சரின்னுட்டார். வண்டி உன் நிலத்து வழியாத்தான் வரணும். ஒரே ஒரு நாள் பூட்டைத் திற. என்னை இறக்கினதும் திரும்பப் பூட்டிக்கோ."